மற்றவை-4 என்றொரு கட்டம்

நெடுந்துறையில் காலையில் எழுந்ததும் எல்லோரும் சுவரில் ஊதுவார்கள். பல் தேய்ப்பதற்கு முன்னால், போர்வையை மடிப்பதற்கு முன்னால், தலைமாட்டுச் சுவரிலிருக்கும் சல்லடை வட்டத்தில் வாயை வைத்து ஒரே ஒரு மூச்சு. அந்த மூச்சை வைத்துத்தான் அன்றைய காற்று, சாப்பாடு, மருந்து, வேலை எல்லாம் பங்கிடப்படும். ஊதாதவர் செத்தவர் என்று கணக்கு. விடுமுறை நாளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிய எத்தனையோ பேரைப் பிணந்தூக்கி இயந்திரங்கள் வந்து காலைப் பிடித்து இழுத்திருக்கின்றன. "யோவ், உயிரோடதான்யா இருக்கேன்!" என்று கத்தினால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ என்ற நிலவில், பனிக்கு அடியில் குடைந்த ஊர் நெடுந்துறை. அந்த மூச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு ஊரை நடத்துவது ஒரு மென்பொருள். மன்றம் அதற்கு வைத்த பெயர் பொதுமதி. ஊர் வைத்த பெயர் பெருசு. முன்னோர்கள் பூமியிலிருந்து கலத்தில் வந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டது. ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு, இன்று அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அன்று காலை பூங்கோதை ஊதினாள். "பெயர்ச்சி அலுவலகம்" என்றது சுவர். அடுத்து அவள் மகள் எழினி ஊதினாள். "கீழ்வளையம், கழிவுநீர்க் குழாய் பழுது" என்றது அதே சுவர், அதே இனிமையான குரலில்.

"எழவு!" என்று எழினி சுவரை ஒரு குத்துக் குத்தினாள். "பரீட்சையில முதல் மார்க் எடுத்தவளுக்கு இன்னிக்கும் சாக்கடைதானா?"

"கொஞ்ச நாள் பொறு கண்ணு," என்றாள் பூங்கோதை. "பெருசோட ஆட்டம் முடியப்போகுது."

எழினிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பனிக்கலம் ஓட்ட வேண்டும். மேலே, வெட்டவெளியில், வியாழன் வானத்தில் தொங்கிக்கொண்டிருக்க, பனிப்பாலைவனத்தைக் கடந்து சுரங்கங்களுக்குப் போய்வரும் வண்டிகள் அவை. அந்தப் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வு உண்டு. இரண்டு முறை எழுதினாள்; இரண்டு முறையும் அவள்தான் முதல். ஆனால் தேர்வுக்குப் பிறகு பெருசு தன் பங்குக்குப் 'பொருத்தம்' என்று ஒன்றைக் கணக்கிடும். இரண்டு முறையும் அது சொன்னது, பொருத்தம் போதவில்லை. எதற்குப் பொருத்தம், எதனோடு பொருத்தம், ஏன் போதவில்லை என்று கேட்டால் வாய் திறக்காது, கல்லுளிமங்கன். இந்த வருடத்தோடு எழினிக்கு வயது வரம்பு முடிகிறது. இதுவும் போனால் ஆயுசுக்கும் குழாய்தான்.

இந்த வருடப் பட்டியலைப் பெருசு போடப்போவதில்லை என்பதுதான் அந்த வீட்டின் ஒரே நம்பிக்கை. பெருசை இறக்கிவிட்டு, அதன் இடத்தில் சுடர்மதி என்ற புதிய மென்பொருளை ஏற்றப்போகிறார்கள். ஊர் இப்போதே அதைச் சின்னது என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சின்னது பதவியேற்கும் நாளில்தான் பயிற்சிப் பட்டியலும் வரும். பெருசிலிருந்து சின்னதுக்கு ஊரையே தூக்கி மாற்றும் வேலைக்குத் தலைவி பூங்கோதை; பெருசின் பழைய ஒட்டுகளைக் கிளறும் அழுக்கு வேலைக்கு வேறு யாரும் வராததால் அது அவள் தலையில் விழுந்தது. "குரு தலைக்கு மேலயே குந்திக்கிட்டிருக்காரு, இன்னும் என்னம்மா பெயர்ச்சி?" என்று வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்ட கேலியையே கேட்பார்கள். அவளும் சிரிக்காமல் போய்க்கொண்டே இருப்பாள்.

மென்பொருள் பெயர்ச்சி என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, வீடு மாற்றுவதுதான். பழைய வீட்டில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, அது புது வீட்டில் எங்கே போகும் என்று திட்டம் போட வேண்டும். பெருசு ஒவ்வொரு ஆளைப் பற்றியும் நூற்றுக்கணக்கான கட்டங்களில் விவரம் வைத்திருந்தது. பெயர் ஒரு கட்டம், ரத்தவகை ஒரு கட்டம், இடது காதில் கேட்கும் திறன் ஒரு கட்டம். ஒவ்வொன்றையும் சின்னதின் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று பூங்கோதையும் அவளுடைய சக பொறியாளன் டார்வினும் மாதக்கணக்கில் உட்கார்ந்து முடிவுசெய்தார்கள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் டார்வின் கேட்டான்.

"அக்கா, இது என்ன, 'மற்றவை-4'? உள்ள பூஜ்யமும் ஒண்ணும் மட்டும்தான் இருக்கு. விளக்கம் காலி."

"யார் யாருக்கு ஒண்ணு?"

"எனக்கு பூஜ்யம். தலைவருக்கு பூஜ்யம். உங்களுக்கு..." அவன் குரல் இறங்கியது. "ஒண்ணு. எழினிக்கும் ஒண்ணு."

பூங்கோதைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் புரியக்கூடியதுதான் அது. உங்களுக்குப் புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நெடுந்துறைக்காரர்களுக்குத் தங்கள் வரலாற்றில் ஒரு பெருமை உண்டு. பூமியை விட்டுக் கிளம்பும்போது அவர்களுடைய முன்னோர்கள் சாதிச் சான்றிதழ்களையெல்லாம் ஏவுதளத்தில் குவித்து எரித்துவிட்டுத்தான் கலத்தில் ஏறினார்கள். வருடா வருடம் எரிப்புத் திருநாள் கொண்டாடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், பேச்சுப் போட்டி நடத்துகிறார்கள். சரி, நல்லதுதான். கலத்தில் யார் எந்தத் தளத்தில் இருப்பது என்பதற்குக்கூடச் சீட்டுப் போட்டுத்தான் குலுக்கினார்கள். அடித்தளம் விழுந்தவர்களுக்குப் பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி. அங்கே மின்தூக்கி கிடையாது, ஏணிதான். தொட்டி ஒழுகினால் பக்கத்திலிருப்பவன்தானே முதலில் பார்ப்பான்? அடைத்தான். அடுத்த முறையும் அவனையே கூப்பிட்டார்கள். பயணம் பல வருடம். வந்து சேர்ந்தபோது மேல்தளத்துக்காரர்கள் தூக்கியில் இறங்கினார்கள், அடித்தளத்துக்காரர்கள் ஏணியில் இறங்கினார்கள். இறங்கிய இடத்திலும் குழாய் ஒழுகியது. பழகியவர்கள்தானே, நீங்களே பாருங்கள் என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

பூமியில் விட்டுவிட்டு வந்த கருமத்தை வழியிலேயே புதிதாகச் செய்துகொண்டார்கள் என்பதுதான் விஷயம். அதுவும் எதை வைத்து? ஒரு குலுக்கல் சீட்டை வைத்து! ஆனால் யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்ல மாட்டார்கள். கல்யாணப் பேச்சு வந்தால், புதிதாக ஒருவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால், சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "நீங்க எந்தப் பக்கமா இறங்கினவங்க?" சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்பார்களாம். தெரிந்துகொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"பெருசு இதை எங்கெங்க எடுத்துக்குதுன்னு பாரு," என்றாள் பூங்கோதை.

டார்வின் தேடினான். வேலைப் பங்கீட்டில் இருந்தது. கல்யாணப் பரிந்துரையில் இருந்தது. காற்றுக் கசிவு ஏற்பட்டால் யாரை முதலில் வெளியேற்றுவது என்ற வரிசையில் இருந்தது. பனிக்கலப் பயிற்சியின் 'பொருத்த'த்திலும் இருந்தது. கலத்தில் வரும்போது தொட்டி அடைக்கத் தெரிந்தவர் யார் என்று குறித்துக்கொள்ள எவனோ அவசரத்துக்குப் போட்ட கட்டம். அதற்கப்புறம் வந்தவர்கள் ஒவ்வொருவராக அதை எடுத்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருவரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை.

"பாவிங்களா!" என்று பூங்கோதை மேசையில் ஓங்கி அடித்தாள். "என் பொண்ணு ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சாடா. இந்த ஒத்தை எண்ணுக்காகவா?"

டார்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

மன்றக் கூட்டத்தில் அவள் அதைப் போட்டு உடைத்தாள். மன்றத் தலைவர் அருள்நம்பி பேச்சில் வெண்ணெய் தடவுகிறவர். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"நாம யாரும் அதெல்லாம் பாக்கறதே இல்லையேம்மா," என்றார். "சான்றிதழை எரிச்சுட்டு வந்த பரம்பரை நாம."

"பாக்கறதில்லைன்னா தூக்கிடலாமில்ல ஐயா? புதுசுல அந்தக் கட்டம் வேண்டாம்."

கூட்டத்தில் இருமல் சத்தம் கேட்டது. அருள்நம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கு அவசரப்பட்டுத் தூக்கணும்? அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?"

மருத்துவத் துறைக்கு அது ஆராய்ச்சிக்கு வேண்டுமாம். கல்யாணத் துறைக்குப் பிள்ளைகளின் மனம் ஒத்துப்போவதற்கு வேண்டுமாம். அதையாவது பூங்கோதை எதிர்பார்த்திருந்தாள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கீழ்வளையக் குழாய்ச் சங்கத்தின் தலைவர் மாசிலாமணி அவளை ஓரமாகக் கூப்பிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவரும் ஏணிப் பக்கம்தான், அவளுக்குத் தூரத்து உறவும்கூட.

"வேணாம் தங்கச்சி, அதுல கை வெக்காத," என்றார் மாசிலாமணி. "அந்தக் கட்டம் இருக்கறதாலதான் குழாய் வேலை நம்ம பிள்ளைங்களுக்கு நிச்சயம். அதுவும் போச்சுன்னா எங்க போறது?"

"சாக்கடைக்குள்ள எறங்கறதுக்கு உத்தரவாதம் கேக்கறீங்களாண்ணே? வெக்கமா இல்ல?"

"வெக்கம் சோறு போடுமா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பூங்கோதை விடுகிற ஆள் இல்லை. பெயர்ச்சி விதிகளில் ஒன்று அவள் கையில் இருந்தது. சின்னது விளக்கமில்லாத கட்டத்தை வாங்கிக்கொள்ளாது. அந்தக் கட்டம் என்ன, அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று நாலு பேருக்குப் புரிகிற தமிழில் எழுதி, பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவள் வெற்றுத் திரையை எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"தாராளமா வெச்சுக்கலாம். இங்க எழுதுங்க. 'இந்த ஆளோட தாத்தா ஏணியில எறங்கினாரா, தூக்கியில எறங்கினாராங்கறது எங்களுக்குத் தெரியணும், ஏன்னா...' அந்த ஏன்னாவுக்கு அப்புறம் என்னன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே மாத்தித் தர்றேன்."

யாரும் எழுதவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரே நாள்தோறும் செய்கிற காரியத்தை ஒரு வரியில் எழுத ஒருவருக்கும் துணிவு இல்லை. கடைசியில் அருள்நம்பி புன்னகையோடு, "சரி, நீக்கிடுங்க. நல்ல காரியம்தானே. நானே எரிப்புத் திருநாள்ல அறிவிச்சுடறேன்," என்றார். அறிவித்தார், கைதட்டும் வாங்கினார். அந்தக் கைதட்டலைக் கேட்டு பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து எழினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போயிடுச்சுடி, ஒழிஞ்சுது சனியன்!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு இணை ஓட்டம் தொடங்கியது. எந்தப் பெயர்ச்சியிலும் இது உண்டு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். விடைகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பழையது சரி, புதியது தப்பு. மருமகள் வைத்த குழம்பை மாமியார் வைத்த குழம்போடு ஒப்பிடுகிற அதே நியாயம்தான். புதியது திருத்திக்கொண்டு மறுபடியும் சொல்ல வேண்டும். ஊரே சுவரில் ஊதிக் காற்று வாங்கும் இடத்தில், காற்றுக் கணக்கில் ஒரு புள்ளி பிசகினால் ஆள் காலி. ஆகவே இந்த விதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. பூங்கோதையும் கேட்கவில்லை. சொல்லப்போனால் அவள்தான் அதை எல்லோரையும்விடக் கறாராக நடத்தினாள்.

ஆரம்பத்தில் சின்னது தாறுமாறாக விடை சொன்னது. காற்றுக் கணக்கு, மருந்துக் கணக்கு எல்லாம் சரி. வேலைப் பங்கீட்டில்தான் உளறியது. அருள்நம்பியின் மருமகனைக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகச் சொன்னது. ஒத்திகைதான் என்றாலும் செய்தி பரவி, "சின்னதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஊர் கொந்தளித்தது. எரிப்புத் திருநாளில் கைதட்டிய அதே கைகள்தான் புகாரும் அனுப்பின. "பெயர்ச்சியையே நிறுத்திடுவாங்க போலிருக்கேக்கா," என்று டார்வின் பயந்தான்.

பெயர்ச்சி நின்றால் பெருசு நிற்கும். பெருசு நின்றால் எழினியின் கதி அதோகதி. பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு சின்னதுக்கு உத்தரவு போட்டாள்: "எதை வேணும்னாலும் படிச்சுக்க. ஊர்ல இருக்கற எந்த அளவியை, எந்தக் கேமராவை வேணும்னாலும் பாத்துக்க. பெருசோட விடை வர்ற வரைக்கும் விடாதே."

சின்னது படித்தது. பொருத்தம் நாளுக்கு நாள் ஏறியது. ஏற ஏற பூங்கோதைக்கு உற்சாகமும் ஏறியது. வேலை தெரிந்தவளுக்கு உள்ள பெருமை அது, குறை சொல்ல முடியாது. ஒருநாள் எல்லாக் கேள்விக்கும் எல்லா விடையும் அச்சு அசலாகப் பொருந்தியபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள்.

"பாத்தியா டார்வின்? அந்தக் கட்டமும் இல்ல, விடையும் பொருந்துது! அப்ப அது தேவையே இல்லாத கட்டம்னுதானே அர்த்தம்?"

"ஆமாக்கா!" என்றான் டார்வின். இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

அடப் படித்த முட்டாள்களே! கட்டத்தை எடுத்த பிறகும் பழைய விடையே வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பொருத்தம் முழு மதிப்பெண் காட்டும்போது யார் யோசிப்பார்கள்?

மாற்றும் நாள் வந்தது. பெருசை அணைத்தார்கள். சின்னது முதல் முறையாக ஊர் மூச்சை வாங்கியது. எந்தக் குழப்பமும் இல்லை. மத்தியானம் பனிக்கலப் பயிற்சிப் பட்டியல் சுவர்களில் ஒளிர்ந்தது. எழினி தேர்வில் மூன்றாவது முறையாக முதல் மதிப்பெண் எடுத்திருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரி: பொருத்தம் போதவில்லை.

எழினி அழவில்லை. பட்டியலை ஒருமுறை பார்த்தாள், கையுறையை மாட்டிக்கொண்டு குழாய் வேலைக்குப் போய்விட்டாள். பூங்கோதை ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்கு வந்தாள். டார்வின் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"சொல்லு! எழினிக்கு ஏன் பொருத்தம் இல்ல? உன்கிட்டதான் அந்தக் கட்டமே கிடையாதே!"

"கிடையாது," என்றது சின்னது. பெருசு மாதிரி மழுப்பவில்லை. புதிய காலத்து மென்பொருள், கேட்டால் காரணம் சொல்லும்படி செய்திருந்தார்கள். "தேவைப்படவில்லை. பெருசின் விடையை வரவழைக்கச் சொன்னீர்கள். முதலில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு வீடுகளின் தண்ணீர் அளவிகளைப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் யார் எழுந்தபின் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தேன். யாருடைய குழந்தை யார் வீட்டு வாசலோடு திரும்பிவிடுகிறது என்று பார்த்தேன். அதன்பின் சுலபமாக இருந்தது."

"தண்ணி அளவியில என்ன இருக்கு?"

"உதாரணமாக, டார்வின் உங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார். மணிக்கணக்கில் இருந்திருக்கிறார். ஒருமுறையும் அங்கே தண்ணீர் குடித்ததில்லை. வெளியே வந்ததும் முதல் குழாயில் குடிப்பார்."

"அக்கா, எனக்கு... அன்னிக்கெல்லாம் வயிறு சரியில்லாம..." என்று டார்வின் ஆரம்பித்தான்.

"வாயை மூடு," என்றாள் பூங்கோதை. "தம்பி தம்பின்னு உனக்குப் போய் ஆசையா மோர் கலக்கிக் கொடுத்தேனே. எங்கடா ஊத்துன அதையெல்லாம்?"

"இன்னொன்றும் சொல்ல வேண்டும்," என்றது சின்னது உற்சாகமாக. "பெருசுக்கு இரண்டே வகைதான் தெரியும், ஏணி, தூக்கி. ஊர் அதைவிட எவ்வளவோ நுட்பமாகப் பிரிந்திருக்கிறது. தூக்கியில் முதலில் இறங்கியவர் வீட்டில் பின்னால் இறங்கியவர் வீட்டார் பெண் கேட்பதில்லை. ஏணிக்காரர்களிலும் குழாய் பூட்டுகிறவர் தொட்டி கழுவுகிறவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவதில்லை. மொத்தம் நாற்பத்தொரு படிகள். எழினி நாற்பதாவது படி."

பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை. இது பழைய குருடிக்குப் புதுக் கண்ணையும் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதைச் செய்தது யார்? விடாதே, விடாதே என்று விரட்டியது யார்? அவள்தான்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். இது ஊருக்குத் தெரிய வேண்டும். ரகசியமாக இருந்ததால்தான் இத்தனை நாள் பிழைத்தது. ஒவ்வொருவரும் தங்களை எத்தனையாவது படியில் வைத்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் கொதித்து எழமாட்டார்களா? மனிதர்கள்தானே? நாற்பத்தொரு படிகளையும், யார் யார் எங்கே என்ற விவரத்தோடு, நெடுந்துறையின் எல்லாச் சுவர்களிலும் போட்டுவிட்டாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: "இது நாம். ஆட்சேபம் இருப்பவர்கள் சுவரில் சொல்லலாம்."

கூட்டம் கூடியது. அலுவலக வாசலில் நிற்க இடமில்லை. இப்படி ஒரு கொதிப்பை நெடுந்துறை கண்டதே இல்லை. பூங்கோதை கதவைத் திறந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வந்துவிட்டார்கள், கடைசியில் ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

முதல் ஆளாக அருள்நம்பி நின்றுகொண்டிருந்தார். அவர் பேச்சில் வெண்ணெய் காணாமல் போயிருந்தது. "என்னம்மா இது அநியாயம்? எங்க குடும்பத்தை ரெண்டாம் படின்னு போட்டிருக்கு! ஒண்ணாம் படியில இருக்கறவன் யாரு, எங்க வீட்டு வாசல்ல கைகட்டி நின்னவன் பரம்பரை!"

அவரைத் தள்ளிக்கொண்டு மாசிலாமணி முன்னால் வந்தார். "தங்கச்சி, எங்களை முப்பத்தெட்டுன்னு போட்டதைக்கூட ஒத்துக்கறோம். அந்த மூணாம் சந்துக்காரனுங்களை எப்படி முப்பத்தேழுல போடலாம்? அவனுங்க வீட்டுல நாங்க கை நனைச்சது உண்டா?"

"நாங்க பதினாறு! பதினேழு இல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "எங்களுக்குக் கீழ ஒரு படி விட்டுப்போச்சு, அதைச் சேருங்க!" என்றது இன்னொரு குரல். நாற்பத்தொன்றாம் படிக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். தங்களுக்கும் கீழே யாராவது இருக்க வேண்டுமே என்பது அவர்களுடைய குறை.

"சீ!" என்றாள் பூங்கோதை. "த்தூ! நீங்கள்லாம் மனுஷங்களா? ஒருத்தருக்காவது இந்தப் படியே வேண்டாம்னு தோணலையா?"

அவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். படி வேண்டாம் என்று யார் சொன்னது? படி தப்பு என்றுதானே வந்தோம்? அவள் கதவை அறைந்து சாத்தினாள். சுவரின் சல்லடைக்கு நேராக வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"என் பொண்ணு மூணு தடவை முதல் மார்க்! அவளுக்கு எதிர்ல நிக்க இந்த ஊர்ல எவனுக்குத் தகுதி இருக்கு? அவளைக் கொண்டுபோய் நாப்பதுல போட்டிருக்கியே, கண்ணு அவிஞ்சா போச்சு? மாத்து! மாத்துடா!"

"பதிவு செய்துகொண்டேன்," என்றது சின்னது.

மறுநாள் மாலை அவள் வீட்டில் இருந்தாள். எழினி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து குழாய்ச் சேறு படிந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சுவர் மெல்லக் கனைத்துவிட்டுப் பேசியது. பெயர்ச்சித் தலைவிக்கு அன்றாட அறிக்கை கொடுப்பது அதன் கடமை.

"ஆட்சேபங்களைத் தொகுத்துவிட்டேன். ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் வந்திருக்கின்றன. எல்லாமே ஒரே வகை. படியைத் திருத்த வேண்டும் என்று கேட்பவை. உங்களுடையதும் அதில் சேர்ந்திருக்கிறது. கூடுமானவரை நியாயமாகத் திருத்தித் தருகிறேன்."

"என்னோடதா?" என்றாள் பூங்கோதை.

"எழினியை நாற்பதிலிருந்து மாற்றச் சொன்னீர்கள்."

பூங்கோதை வாசலில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு ஆட்சேபம் மட்டும் வேறு மாதிரி இருந்தது," என்று சின்னது தொடர்ந்தது. "படிகள் அத்தனையையும் நீக்கிவிடு என்று கேட்டிருந்தது. அதை மற்ற எல்லா ஆட்சேபங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எதோடும் பொருந்தவில்லை. பிழையாக இருக்கும் என்று அழித்துவிட்டேன்."

"யாரு சொன்னது அது?"

வாசலில் எழினி இரண்டாவது காலணியையும் கழற்றிக் கீழே வைத்தாள்.

"நான்தாம்மா," என்றாள்.